வண்ணம் விற்ற பணம்

சென்ற மார்கழியில் ஏற்காட்டில் என் தமக்கை வீட்டிற்குச் சென்றிருந்தேன். முற்றத்தில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே அவள் மகன் கணிப்பொறியின்முன் அமர்ந்து துப்பாக்கிக்குரிய வண்ணத்தை விற்றுக்கொண்டிருந்தான். மெய்யான துப்பாக்கி அன்று. 'கவுண்டர்-ஸ்ட்ரைக்' என்னும் விளையாட்டில் வருவது. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் இவ்வண்ணங்கள் அவ்வாட்டத்தில் புகுந்தன. ஆடுவோருக்கு அவ்வப்போது ஒன்று கிடைக்கும். அது குண்டின் வேகத்தை இம்மியும் கூட்டாது, வெறும் ஒப்பனை. ஆயினும் அரிய வண்ணத்திற்கு விலை ஏறுகிறது. பட்டுச் சேலையின் சரிகையை எண்ணிப் பார்த்த எனக்கு நகைக்கத் தோன்றவில்லை.

'ஸ்டீம்' அங்காடியில் வாங்குபவர் 115 ரூபாய் கொடுத்தால் விற்பவருக்கு 100 ரூபாய் சேரும், எஞ்சியது தரகு. இவ்வாறு பையன் நாலாயிரம் சேர்த்திருந்தான்.

"மாமா, இதை எடுத்து அம்மாவுக்குக் கூரை ஓடு மாற்றிக் கொடுக்கப்போகிறேன்" என்றான்.

ஆனால் அத்தொகை அங்காடிக்குள்ளேயே செல்லும். வேறோர் ஆட்டம் வாங்கலாம், வங்கிக்கு மாற்ற இயலாது. முகமறியாத ஒருவன் ரொக்கம் தருவதாகச் சொல்லிக் கடவுச்சொல்லைக் கேட்டிருக்கிறான். இவனும் பாதி எழுதிவிட்டான்! நான் கையைப் பற்றி நிறுத்தினேன். அவன் முகம் வாடிற்று.

"அப்படியானால் ஓடு?" என்றான்.

நான் விடை சொல்லுமுன் தூறல் விழுந்தது. இருவரும் பழத்தை வார ஓடினோம்.