வெளிச்சமும் சத்தமும் வலிக்கும்போது

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் காலையில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். நமக்கு அது இனிமை. கடுங்காய்ச்சலிலிருந்து எழுந்த நெசவாளிக்கோ அதுவே மண்டையில் இறங்கும் அடி. சரிகையின் மினுக்கம்கூடக் கண்ணைக் குத்தும்.

அமெரிக்காவில் உண்ணி கடித்து வரும் லைம் நோயில் பலர் இப்படித் தவிக்கிறார்கள். நம் பக்கத்தில் அதிகம் காண்பது ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல். புதரில் இருக்கும் மிகச்சிறிய பூச்சியின் இளம்புழு கடித்து வருவது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் கூடும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கருத்த புண் வரலாம். வலிக்காது, அதனால் தெரியாது. அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் தேடிப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்தே இதைத் தீர்க்கும், காலத்தில் கொடுத்தால். தாமதித்தால் மூளைச் சவ்வு வரை போகும். அப்போது வெளிச்சம் தாங்காது; காது மந்தமாவதும் உண்டு.

தேறி வருபவரை வீம்புக்காரர் என்று சொல்லாதீர்கள். அந்த வலி உண்மை. ஜன்னலுக்கு ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள். மிக்ஸி போடுமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தறியில் முதலில் அரை மணி நேரம், பிறகு ஓய்வு. கோயிலின் கருட சேவைத் திருவிழாக் கூட்டத்துக்கு அடுத்த ஆண்டு போகலாம்.

காய்ச்சலோடு கழுத்து விறைத்து, வெளிச்சம் கூசினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.