உதறும் வண்டி

நெடுநாள் உழைத்த மோட்டார் வண்டி ஒன்று ஓடும்பொழுது உதறத் தொடங்கினால், அதை ஓட்டுபவர் முதலில் செய்வது அதற்குப் பழகிக்கொள்வதுதான். ஒரு மாதம் கழிந்தால் அந்த உதறல் அவர் கைக்குத் தெரிவதில்லை. புதிதாக ஏறி அமர்ந்தவர் கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்பார். வண்டி பழையது என்பது உண்மையே. ஆனால் பழமை ஒரு காரணம் ஆகாது. எந்த உறுப்பு தேய்ந்தது, எது இடம் பெயர்ந்தது என்று சுட்டிக் காட்டும்வரை நாம் ஒன்றும் சொன்னவர்கள் ஆகமாட்டோம். கல்வராயன் மலைக்கு ஏறி இறங்கும் ஒரு ஜீப்பின் உதறல் எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதை இன்று நேயர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல எண்ணுகிறேன். விரைவுக்கென்றே செய்த கார் ஆயினும், மூட்டை சுமக்கும் ஜீப் ஆயினும், எஞ்சின் முன்னாலும் உந்தும் சக்கரம் பின்னாலும் அமைந்த வண்டிகளுக்கெல்லாம் இலக்கணம் ஒன்றே.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குச் செல்லும் சாலையை அறிந்தவர்கள் பலர் இருப்பீர்கள். கோமுகி அணையைக் கடந்ததும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. பேருந்து எட்டாத சிற்றூர்களுக்கு இன்றும் ஜீப்பும் அதையொத்த சிறு வண்டிகளுமே துணை. கீழே வரும்பொழுது மரவள்ளிக் கிழங்கும் கடுக்காயும் புளியும் வருகின்றன. மேலே போகும்பொழுது அரிசியும் சிமெண்டும் மனிதர்களும் போகிறார்கள். இத்தகைய வண்டியில் உதறல் என்பது சொகுசுக் குறைவு பற்றிய பேச்சன்று.

ஏன் என்று சொல்கிறேன். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் இரும்புக் குழாய் ஒன்று வண்டியின் அடியில் இருக்கிறது. நூல்களில் உந்துதண்டு என்று எழுதுவார்கள். நம் பட்டறைகளில் அதற்கு ஜாயிண்ட் ராடு என்று பெயர். அதன் இரு முனைகளிலும் சிலுவை வடிவான மூட்டு ஒவ்வொன்று உண்டு. அதைக் கிராஸ் என்பார்கள். மலையிறக்கத்தில் ஓட்டுநர் சிறிய கியரில் போட்டு எஞ்சினைக் கொண்டே வண்டியைப் பிடித்து இறக்குகிறார். அந்தப் பிடிப்பு முழுவதும் இந்தத் தண்டின் வழியாகவே சக்கரத்தைச் சேர்கிறது. பழைய அமைப்பு ஜீப்புகள் பலவற்றில் கைத்தடையும் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டியின் பின்புறம், இந்தத் தண்டு தொடங்கும் இடத்திலேயே இருக்கிறது. ஆகவே ஓர் இறக்கத்தில் கிராஸ் முறிந்து தண்டு விழுந்தால், எஞ்சினின் பிடிப்பும் கைத்தடையும் ஒரே நொடியில் போய்விடும். எஞ்சுவது கால் தடை ஒன்றே. தண்டின் முன்முனை விழுந்து சாலையில் ஊன்றிக்கொண்டால் வண்டியையே தூக்கி எறிந்துவிடவும் கூடும். உதறலோ அந்தக் கிராஸை நாள்தோறும் தின்றுகொண்டிருக்கிறது.

நான் சொல்ல வந்த ஜீப்பின் உரிமையாளர் என்னிடம் எட்டாம் வகுப்பில் பயின்றவர். ஊர்தோறும் பட்டறைகளுக்கு நடந்து, பணமும் போய், கருணாபுரத்தில் எங்கள் தெருமுனையில் உள்ள மேஸ்திரியிடம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அதுவரை மாற்றியவை: நான்கு டயர்கள், கிளட்ச் தட்டு, எஞ்சின் தாங்கும் ரப்பர்கள், பின் தண்டின் இரு கிராஸ்கள் இருமுறை. தண்டைக் கழற்றி எடை சமன் செய்தும் ஆயிற்று. ஒவ்வொரு பட்டறையிலும் ஒன்றை மாற்றி, "இதோடு சரியாகிவிடும்" என்றிருக்கிறார்கள். இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருந்தால் அது நல்ல பெயராக இராது.

"ஐயா, மாத்தறதுக்கு இனிமே பாக்கி ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

"மாற்றுவது இருக்கட்டும் தம்பி. எந்த வேகத்தில் உதறுகிறது? எந்தக் கியரில்? காலை எடுத்தால் நிற்கிறதா?"

அவருக்கு விடை தெரியவில்லை. எட்டு மாதமாக உதறும் வண்டியை நாள்தோறும் ஓட்டியவருக்கு இவை தெரியவில்லை என்றால் குற்றம் அவருடையது அன்று. அதுவரை ஒருவரும் அவரை இந்தக் கேள்வி கேட்கவில்லை.

சுழலும் பொருள் எதுவும் தன் சுற்றின் கணக்கிலேயே அதிரும். வண்டியில் சுழல்பவை பல; ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு விரைவில் சுழல்கின்றன. எனவே அதிர்வு விநாடிக்கு எத்தனை முறை நிகழ்கிறது என்று ஏறத்தாழ அறிந்தாலே அது யார் குரல் என்று சொல்லிவிடலாம். கணக்கு கடினமன்று. மணிக்கு 45 கிலோமீட்டர் என்றால் விநாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர். சக்கரத்தின் சுற்றளவை இரண்டே கால் மீட்டர் என்று கொண்டால், சக்கரம் விநாடிக்கு ஐந்தரைச் சுற்று சுழல்கிறது. பின் அச்சுக்குள் இருக்கும் கிரௌன் பற்சக்கரம் ஐந்து சுற்றை ஒரு சுற்றாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொண்டால், தண்டு விநாடிக்கு 28 சுற்று. கடைசிக் கியரில் எஞ்சினும் அதே 28. சக்கரத்தில் கோளாறு என்றால் விநாடிக்கு ஐந்தாறு முறை வண்டி மெல்லத் தூக்கிப் போடும், உடம்பினாலேயே எண்ணிவிடலாம். தண்டின் கோளாறு எண்ண முடியாத நடுக்கமாக வரும். கிராஸின் கோணத்தால் எழுவது அதிலும் இருமடங்கு, விநாடிக்கு ஐம்பதுக்கு மேல். அது உள்ளங்காலில் வண்டு ரீங்காரமிடுவது போல் இருக்கும்.

மேஸ்திரியும் உரிமையாளரும் நானும் தியாகதுருகம் செல்லும் சமதளச் சாலைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். பாதி நீர் நிரப்பிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கருவிப் பெட்டியின் மேல் வைத்தேன். பார்த்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். 40-இல் தொடங்கி 45-க்கும் 50-க்கும் இடையில் உதறல் மிகுந்தது. டம்ளரின் நீர் ததும்பவில்லை. நுண்ணிய அலைகள் மட்டும் வளையம் வளையமாக நின்றன. சக்கரத்தின்மீது இருந்த ஐயம் இதிலேயே பாதி நீங்கியது. முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றி ஓட்டினோம், அணுவளவும் மாறவில்லை. மீதிப் பாதியும் நீங்கியது.

அடுத்து எஞ்சின். கடைசிக் கியரில் எஞ்சினும் தண்டும் ஒரே விரைவில் சுழல்வதால் இரண்டும் ஒன்றின் பின் ஒன்று ஒளிந்துகொள்ளும். ஆகவே அதே 45-இல் மூன்றாம் கியரில் ஓட்டச் சொன்னேன். எஞ்சினின் விரைவு கூடியது; உதறல் அதே இடத்தில், அதே அளவில் நின்றது. பிறகு நியூட்ரலில் உருளவிட்டோம். எஞ்சின் அடங்கி முனகியது, உதறல் நிற்கவில்லை. இந்தச் சோதனையைச் சமதளத்தில் மட்டுமே, பின்னால் வண்டி வராதபொழுது செய்ய வேண்டும். மலைச் சாலையில் நினைக்கவும் கூடாது. ஆக எஞ்சினும் கிளட்ச்சும் குற்றமற்றவை என்று அரை மணி நேரத்தில், ஒரு திருகுகூடக் கழற்றாமல், தெரிந்தது. கிளட்ச் தட்டுக்குக் கொடுத்த பணம் திரும்பி வரப்போவதில்லை.

நான்கு சக்கரமும் உந்தும் ஜீப்பில் இன்னொரு வசதி உண்டு. அதில் தண்டு இரண்டு. ஒன்று பின் அச்சுக்கு, மற்றொன்று முன் அச்சுக்கு. முன் அச்சை இணைக்காமல் ஓடும்பொழுதும் முன் தண்டு சக்கரத்தால் இழுபட்டுச் சுழன்றுகொண்டுதான் இருக்கும். மேஸ்திரி முதலில் முன் தண்டைக் கழற்றினார். உதறல் இருந்தது. அதை மீண்டும் பூட்டி, பின் தண்டைக் கழற்றி, முன் சக்கரங்களால் மட்டும் மெதுவாக ஓட்டினார். 45-ஐத் தொட்டபொழுது டம்ளரின் நீர் கண்ணாடிபோல் கிடந்தது. உரிமையாளர் அந்த டம்ளரைக் குனிந்து பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் பின் தண்டில்தான் கிராஸ்கள் புதியவை. எடையும் சமன் செய்தாயிற்று. தண்டைத் தரையில் கிடத்தினோம். அது இரு துண்டுகளால் ஆனது. பின் அச்சு மேலும் கீழும் ஆடும்பொழுது நீளம் கூடிக் குறைவதற்காக, ஒரு துண்டு மற்றொன்றின் உள்ளே பல்வரிசையில் நழுவுகிறது. கிராஸ் மாற்றுவதற்கு எளிது என்று யாரோ இதை உருவி எடுத்திருக்கிறார்கள். திரும்பச் செருகும்பொழுது எந்தப் பல் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று பார்க்கவில்லை. மண்ணெண்ணெயில் துடைத்ததும் இரு துண்டுகளிலும் அம்புக்குறி தெரிந்தது. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டியவை. ஏறக்குறைய அரைக்கால் சுற்று விலகி நின்றன.

இவ்வளவு சிறிய விலகல் இத்தனை தொல்லை தருமா என்று கேட்கலாம். இங்கே சற்று வரலாறு வேண்டியிருக்கிறது. சிலுவை மூட்டை இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும், ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக்கின் பெயராலும் வழங்குகிறார்கள். சூரியனை நோக்கும் கருவிகளைப் பற்றி 1676-இல் வெளியிட்ட நூலில் ஹூக் இதனை விளக்கினார். இந்த மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. இரு தண்டுகள் கோணத்தில் இணைந்திருக்கையில், முதல் தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும் இரண்டாவது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தி, இருமுறை பிந்தும். கோணம் 10 பாகை என்றால் இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஒன்றரை. 20 பாகை என்றால் நூற்றுக்கு ஆறு. இதனால்தான் ஒரு தண்டுக்கு இரண்டு மூட்டு வைக்கிறார்கள். இரண்டின் கோணமும் சமமாக இருந்து, தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நின்றால், முன்மூட்டு செய்த பிழையைப் பின்மூட்டு அப்படியே திருத்திவிடும். கவைகள் திரும்பி நின்றால் திருத்தம் குறையும். கால் சுற்றுத் திரும்பினால் திருத்தம் போய்ப் பிழையே இரட்டிக்கும். 10 பாகையில் நூற்றுக்கு மூன்றாகிவிடும். கனமான பின் அச்சை விநாடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் முறுக்கினால் அது சும்மா இருக்குமா? எடை சமன் செய்யும் எந்திரத்தில் இந்தக் குறை தெரியாது. ஏனெனில் எடையில் குறை இல்லை. சில வண்டிகளில் தயாரித்தவர்களே கவைகளைச் சிறிது விலக்கி வைப்பதும் உண்டு. ஆகவே கண்ணளவைவிட அம்புக்குறியே சான்று. குறி அழிந்திருந்தால், கழற்றுமுன் உளியால் ஒரு கோடு போட்டுக்கொள்வதற்குக் காசு செலவில்லை.

மேஸ்திரி தண்டைச் சரியாகச் செருகிப் பூட்டினார். மறுபடி 45. பெரும் உதறல் போய்விட்டது. ஆனால் நீரில் மெல்லிய வளையம் ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால், பின் வில்லில் பட்டை ஒன்று கூடுதலாகச் சேர்த்திருந்தது. பாரம் மிகுதியாக ஏற்றுவதற்காக நம் பக்கத்து ஓட்டுநர்கள் பலரும் செய்வது இது. பட்டை சேர்ந்தால் வண்டியின் பின்புறம் உயர்கிறது. தண்டின் சரிவு கூடுகிறது. பட்டைக் கட்டின் அமைப்பு மாறுவதால் அச்சின் மூக்கும் சற்றே திரும்பிவிட, இரு கோணங்களும் சமமாக இருப்பதில்லை. மேஸ்திரி கோணமானியை வைத்துக் காட்டினார். முன்மூட்டுக்கும் பின்மூட்டுக்கும் நான்கு பாகை வேறுபாடு.

"இந்தப் பட்டையை எடுத்துடலாமுங்களா ஐயா?" என்று உரிமையாளரே கேட்டார். பிறகு தாமே, "கிழங்கு வெட்டு நடக்குதுங்க. ஆத்தூர் சேகோ ஆலைக்கு லோடு போகணும்" என்றார்.

கிழங்கு வெட்டு முடியும்வரை வண்டி அந்தப் பட்டையோடே ஓடியது. பாரம் ஏறினால் வில் தாழ்ந்து கோணம் ஓரளவு சரியாகும் என்பதால், இறங்கும்பொழுதைவிடக் காலியாக ஏறும்பொழுதே ரீங்காரம் மிகுதி என்று அவரே கவனித்து வந்து சொன்னார். வேகம், கியர், பாரம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார். அறுவடை முடிந்த வாரம் பட்டையைக் கழற்றினார்கள். தண்டு விழுந்தாலும் தரையைத் தொடாதபடி அதன் முன்பக்கத்தில் இரும்பு வளையம் ஒன்றையும் மேஸ்திரி சட்டத்தோடு பூட்டிக் கொடுத்தார். எட்டு மாத உதறலில் தண்டின் பல்வரிசை சிறிது தேய்ந்திருக்கிறது. கையால் திருகினால் ஆட்டம் தெரிகிறது. அதற்கு வேறு தண்டு தேடிக்கொண்டிருக்கிறார்கள்.