எட்டாவது பெயர்: ஆய்வு வழிகாட்டிகளுக்கு நன்றி சொல்வது பற்றி

அறிமுகவுரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்தப் பெரியவரைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் விரிவாகவே சொல்லியிருக்கிறார்கள். அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தைக் கரைக்க மாட்டேன்.

‘இளம் ஆய்வாளர்களும் வழிகாட்டிகளும்’ என்று பொதுவான தலைப்பைக் கொடுத்தார்கள். பொதுவாகப் பேச எனக்கு வராது. முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் இப்போதே சிரிக்கிறார்கள். நான் எங்கே போகப்போகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். பாடத்திட்டக் குழுவிலும், தேர்வாளர் கூட்டங்களிலும், கூட்டம் முடிந்த பிறகு கேன்டீனிலும் நாங்கள் சண்டை போட்ட விஷயம்தான். அங்கெல்லாம் என்னை முழுதாகப் பேச விட்டதில்லை. இன்று ஒலிவாங்கி என்னிடம் இருக்கிறது.

வழக்கு

நண்பர்களின் கட்சி இது: ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பேப்பரிலும் கைடின் பெயர் இருந்தே ஆக வேண்டும். பணம் அவர் வாங்கியது, கருவி அவர் வாங்கியது, தலைப்பும் பெரும்பாலும் அவர் கொடுத்தது. ஒரு மாணவர் தனித்து எழுதினால் அது நன்றிகெட்ட செயல். பெயர் போடுவதே கைடுக்குச் செய்யும் மரியாதை.

என் கட்சி: கட்டுரையின் தலையில் இருக்கும் பெயர், ‘இந்த வேலையை நான் செய்தேன், தப்பானால் என்னைக் கேளுங்கள்’ என்பதற்கான கையெழுத்து. நன்றி வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதியதால்தான் இன்று நம்மிடம் இரண்டுமே சரியாக இல்லை.

நன்றியின் நிலைமையைப் பார்க்க வேண்டுமா? ஏதாவது ஒரு ஆய்வேட்டைத் திறந்து நன்றியுரைப் பக்கத்தைப் படியுங்கள். இறைவன், பெற்றோர், பிறகு கைடு. ‘அயராத ஊக்கமும் அளப்பரிய வழிகாட்டுதலும்’ என்று போகும். அடுத்த ஆய்வேட்டைத் திறந்தால் அதே வாக்கியம், அதே இடத்தில் அதே காற்புள்ளி. நான் வைவா நடத்தப் போன ஓரிடத்தில், நன்றியுரையின் நடுவே முந்தைய மாணவருடைய கைடின் பெயரே மாறாமல் நின்றிருந்தது. ஆய்வேட்டில் கையெழுத்திட்ட கைடும் அதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அவரும் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. கைடுக்கு உரிய மரியாதை வேறிடத்தில் வசூலாகிவிடும்போது இந்தப் பக்கத்தை யார் படிப்பார்கள்?

வசூலுக்கு விதியும் வந்தது. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த புள்ளிக் கணக்கில், கூட்டாக எழுதிய கட்டுரைக்கான மதிப்பெண்ணில் 60 விழுக்காட்டை முதல் ஆசிரியரும் வழிகாட்டியும் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம், மற்றவர்கள் எல்லாருக்கும் சேர்த்து 40 என்று இருந்தது. விதி எழுதியவர்களின் எண்ணம் நல்லதாகவே இருந்திருக்கும். ஆனால் அன்றிலிருந்து, ‘சார், உங்கள் பெயர் எத்தனாவதாக வரட்டும்?’ என்ற கேள்வியைத்தான் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் ஆசிரியரிடம் மாணவர் முதலில் கேட்கிறார். சோதனை சரியா என்ற கேள்வி அதற்குப் பிறகு.

ஆக்ஸ்ஃபோர்டு, 1969

இனி என் சாட்சி. டோரதி ஹாட்ஜ்கின் என்றதும் படிகவியல்காரர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1910-இல் கெய்ரோவில் பிறந்தவர். எக்ஸ்-கதிரைக் கொண்டு மூலக்கூறுகளின் வடிவத்தைக் கண்டறிவது அவர் தொழில். பெனிசிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் அமைப்பைத் தந்தவர். 1964-இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு மட்டும், பங்குக்கு ஆளில்லாமல் கிடைத்தது. ஆனால் அவர் மனசு முழுக்க இருந்தது இன்சுலினில். 1935-இல் அதன் படிகத்தை முதன்முதலாக எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார். இரவில் ஒளிப்படத் தட்டைக் கழுவி, அதில் புள்ளிகள் தெரிவதைப் பார்த்தபோது கொண்ட பரவசத்தை வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தார். அந்தப் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைச் சொல்வதற்கு 1969 ஆயிற்று. முப்பத்து நான்கு ஆண்டுகள். 51 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம்தான், ஆனாலும் உள்ளே துத்தநாகத்தைச் சுற்றி ஆறு ஆறாகக் கட்டிக்கொண்டு, கணக்குக்கு அகப்படாமல் படாதபாடு படுத்தியது.

அந்த 1969 கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. அதன் தலைப்பைவிட ஆசிரியர் பட்டியலை நான் அதிகமுறை படித்திருக்கிறேன். மெதுவாகப் படிக்கிறேன், கேளுங்கள்: ஆடம்ஸ், பிளண்டெல், டாட்சன், டாட்சன், விஜயன், பேக்கர், ஹார்டிங், ஹாட்ஜ்கின், ரிம்மர், ஷீட். பத்துப் பெயர். முப்பத்து நான்கு ஆண்டு சுமந்தவர், நோபல் பரிசு பெற்றவர், எட்டாவது.

என் நண்பர் ஒருவர் (இங்கேதான் இருக்கிறார், கையைக் காட்ட மாட்டேன்) சொல்லும் மறுப்பு: ‘அட, அது வெறும் ஆங்கில அகரவரிசை. அதில் என்ன பெருந்தன்மை?’ ஐயா, மறுபடி கேளுங்கள். முழுப் பட்டியலும் அகரவரிசை என்றால் ஆடம்ஸுக்கு அடுத்து பேக்கர் வர வேண்டும், விஜயன் கடைசியில் நிற்க வேண்டும். விஜயனுக்குப் பிறகுதானே பேக்கர் வருகிறார்? வரிசை அங்கே அறுந்து மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அப்படியானால் அவை இரண்டு வரிசைகள். முன்வரிசையில் ஐந்து பேர், பின்வரிசையில் ஐந்து பேர், ஒவ்வொன்றும் தனக்குள் அகரவரிசை. ஆய்வுக்கூடத்தின் தலைவர் தம்மைப் பின்வரிசையில் வைத்துக்கொண்டார், அங்கும் முதலிடம் கேட்கவில்லை. அகரவரிசை தானாக அமையும், முன்வரிசை எது பின்வரிசை எது என்பது தானாக அமையாது. யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

முன்வரிசையில் யார் யார் என்று பாருங்கள். எலனர் டாட்சன் ஆஸ்திரேலியாவில் கணிதம் படித்தவர், டோரதியின் கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தவர், பிஎச்.டி. பட்டம் படிக்காதவர். நம் ஊரில் அவருக்கு நன்றியுரையின் கடைசி வரியில் ‘மேலும் உதவிய ஊழியர்களுக்கும்’ என்பதற்குள் இடம் கிடைத்திருக்கும். பின்னாளில் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஐந்தாவதாக நிற்கும் விஜயன் நம் பக்கத்துக்காரர். கேரளத்தில் பிறந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் விஸ்வமித்ராவிடம் ஆய்வு முடித்து, அப்போதுதான் ஆக்ஸ்ஃபோர்டு போயிருந்தவர். திரும்பிவந்து இந்தியாவில் புரதப் படிகவியலுக்கு அடித்தளம் போட்டார். வேர்க்கடலையிலுள்ள லெக்டின் புரதத்தின் அமைப்பு அவருடைய கூடத்திலிருந்து வந்தது.

கட்டுரை அச்சாகும் முன்பே, அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக்கில் உலகப் படிகவியல் மாநாடு கூடியது. இன்சுலின் செய்தியை அறிவிக்க டோரதி மேடையேறுவார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவர் குழுவின் இளையவர்களில் ஒருவரான டாம் பிளண்டெலைப் பேச விட்டுவிட்டு அவையில் உட்கார்ந்துகொண்டார். பெயர் போடுவதைவிடப் பெரிய விஷயம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் மாநாடுகளில் மாணவர் செய்த வேலையைக் கைடு படிப்பார். சந்தேகம் கேட்டால், மூன்றாம் வரிசையில் இருக்கும் மாணவரைத் திரும்பிப் பார்ப்பார்.

இரண்டாவது மறுப்பு: ‘நோபல் வாங்கியவருக்கு எட்டாவது இடமானால் என்ன, எண்பதாவது இடமானால் என்ன? எங்களுக்கு அப்படியா?’ இது கனமான மறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பதில் 1934-இல் இருக்கிறது. அப்போது டோரதி கேம்பிரிட்ஜில் ஜே. டி. பெர்னாலின் மாணவி. பெப்சின் படிகத்தை அதன் தாய்க்கரைசல் ஈரத்தோடே வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று கண்டவர் பெர்னால். புரதப் படிகவியல் தொடங்கியதே அந்த ஈரத்தில்தான். முதல் படம் எடுத்த அன்று டோரதி ஊரில் இல்லை, கைமூட்டு வலிக்காக மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தார். தொடர்ந்த வேலையில் அவருக்குப் பங்கு இருந்தது. கட்டுரை ‘பெர்னால், கிரோஃபுட்’ என்று இருவர் பெயரில் வந்தது. கிரோஃபுட் டோரதியின் பிறந்தவீட்டுப் பெயர். அன்று பெர்னாலுக்கு நோபலும் இல்லை, ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும் இல்லை. நோபல் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

மறு ஆண்டு இன்சுலின் படம். படிகத்தைக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் பெரும் வேதியியலாளர் ராபர்ட் ராபின்சன். தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் பெர்னால். கட்டுரையில் ஒரே பெயர்: டி. கிரோஃபுட். பொருள் கொடுத்தவரும் சேரவில்லை, கற்றுக்கொடுத்தவரும் சேரவில்லை. நம் கணக்குப்படி இரண்டு கைடுகளுக்கும் பூஜ்யம் மதிப்பெண். 1969-இல் டோரதி செய்தது அவருடைய தனிக்குணம் என்பதைவிட, அவருக்குச் செய்யப்பட்டதை அவர் அடுத்தவர்களுக்குச் செய்தார் என்பதே பொருத்தம்.

மூன்றாவது மறுப்பு இன்னொரு நண்பருடையது: ‘உங்கள் டோரதி ஆய்வுக்கூடத்தில் இருந்தாரா? பாதி நேரம் வெளிநாடு!’ உண்மை. கணவர் தாமஸ் கானாவில் ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார், நோபல் செய்தி டோரதியை எட்டியதும் கானாவில்தான். அமைதி இயக்கங்களுக்காகவும் ஓயாமல் அலைந்தார். அருகிலேயே உட்காரும் கைடு தேவைப்படும் மாணவருக்கு இது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கூடத்தில் இல்லாத நாட்களுக்குப் பங்கு கேட்காதவர் அவர். கூடத்தில் இல்லாமலேயே பங்கு கேட்பவர்களைப் பற்றித்தான் நம் வழக்கு.

ஒன்று சொல்லிவிட்டு இந்தப் பகுதியை முடிக்கிறேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெய்ஜிங்கில் ஒரு குழு, உலகத் தொடர்பு அதிகமில்லாத நிலையில், இன்சுலின் அமைப்பைத் தனியாகக் கண்டது. 1972 கியோட்டோ மாநாட்டில் அதை எடுத்துச் சொன்னவர் டோரதி. தம் மாணவர்களும் இல்லை, தம் நாட்டவர்களும் இல்லை, போட்டியாளர்கள்! இந்த நிகழ்ச்சி மட்டுமே ஒரு தனிச் சொற்பொழிவுக்குத் தாங்கும்.

கிண்டி

சென்னையிலும் பெர்னாலின் கை உண்டு. 1952-இல் அவர் இங்கே வந்தபோது, கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று ஜி. என். ராமச்சந்திரனிடம் பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயது, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குப் புதிதாக வந்திருந்தார். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில் பக்கத்திலேயே இருந்ததால் கொலாஜனுக்குப் பஞ்சமில்லை. 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார். யோசனை சொன்ன பெர்னாலின் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

1963-இல் வந்த புகழ்பெற்ற கட்டுரையில் மூன்று பெயர்கள்: ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன். உலகம் அதை ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்கிறது. இதில் வழிகாட்டியின் தவறு ஏதும் இல்லை, மூவரையும் அவர் மேலே எழுதியிருக்கிறார். மற்ற இருவரையும் மறந்தது பாடப்புத்தகம். இங்கிருக்கும் ஆசிரியர்கள் நாளை வகுப்பில் அந்த வரைபடத்தைக் கரும்பலகையில் போடும்போது மூன்று பெயரையும் சொன்னால் போதும்.

கோடைப் பயிற்சி மாணவர்கள்

இவர்களைப் பற்றி அதிகம் பேச எண்ணியிருந்தேன், நேரம் போய்விட்டது. பெங்களூர் அறிவியல் அகாடமியும் அதன் தோழமை அகாடமிகளும் ஆண்டுதோறும் நடத்தும் கோடை ஆய்வுத் திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு மாணவர்கள் வருகிறார்கள். இரண்டு மாதத்தில் பேப்பர் வராது. பேப்பர் வராத இடத்தில் கைடுக்கு மதிப்பெண்ணும் இல்லை, ஆகவே பல கூடங்களில் இன்டர்ன் பிள்ளை குடுவை கழுவிவிட்டுச் சான்றிதழோடு ஊர் திரும்புகிறது. டோரதியிடம் இளநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் கிராமிசிடின் எஸ் படிகத்தில் வேலை செய்த ஒரு மாணவி இருந்தார், மார்கரெட் ராபர்ட்ஸ் என்று பெயர். பின்னாளில் பிரிட்டனின் பிரதமர் தாட்சர். அரசியலில் இருவரும் எதிரெதிர்த் துருவம், ஆனாலும் பிரதமர் இல்லத்தில் தாட்சர் டோரதியின் படத்தை மாட்டிவைத்தார். இதை எந்தப் புள்ளிக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

இனி

சில வேலைகளை இளையவர்களிடம் ஒப்படைக்கிறேன். ஒன்று, நம் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் பழைய ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கங்களை யாராவது ஆண்டுவாரியாகத் திரட்ட வேண்டும். எந்தக் காலத்தில் அவை அச்சடித்த வார்ப்பாக மாறின என்று பார்க்கலாம், சமூகவியல் துறையும் கைகோத்தால் நல்லது. இரண்டு, கண்ணாடி ஊதுபவர்கள், பட்டறைக்காரர்கள், கருவி பழுது பார்ப்பவர்கள். கல்கத்தாவில் சி. வி. ராமனின் உதவியாளராக இருந்த அசுதோஷ் தே, பல்கலைக்கழகப் படிப்பே இல்லாதவர், ராமனோடு கட்டுரைகளில் இணை ஆசிரியராக நிற்கிறார். நம் துறைகளில் அப்படி நின்றவர்கள் உண்டா, நிற்காமல் போனவர்கள் யார்? மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். மூன்று, ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் யார் எதைச் செய்தார் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதும் வழக்கம் பல இதழ்களில் வந்துவிட்டது, நம் ஆய்வேடுகளிலும் கொண்டுவரலாம். அதற்கான தீர்மான வரைவு என் பையில் இருக்கிறது, அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் வைப்பேன். எதிர்ப்பவர்கள் இப்போதே தயாராகிக்கொள்ளலாம்.

நான்காவதாக, வழிகாட்டியே இல்லாமல் வந்தவர்களைப் பற்றி ஒன்று சொல்ல இருந்தேன். 1906-இல் மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே தனியாகக் கட்டுரை எழுதிய ராமனை என் நண்பர்கள் எப்போதும் இழுப்பார்கள். அதைத் தேநீரின்போது பேசிக்கொள்வோம், தலைவர் எழுந்துவிட்டார்.