பலியிடப்படவிருந்த மைந்தர் யார்?

 

“இப்ராஹீம் பலியிடத் துணிந்தது ஈசாக்கை அல்லவா?” என்று பாடசாலையில் ஒரு கிறிஸ்தவ நண்பன் வினவினால், உங்கள் பிள்ளை என்ன கூறும்?

பைபிளின் ஆதியாகமம் 22ஆம் அதிகாரம் இஸ்ஹாக் (அலை) என்றே கூறுகிறது. யூதர் தம் புத்தாண்டின் இரண்டாம் நாளில் அதனை ஓதுகின்றனர். கிறிஸ்தவர் அதிலே ஈஸா (அலை) அவர்களின் சிலுவைப் பலிக்கு முன்னடையாளம் காண்கின்றனர். அச்சிலுவை மரணத்தையே நாம் ஏற்பதில்லை.

அல்குர்ஆனின் ஸாஃப்பாத் அத்தியாயமோ மைந்தரின் பெயரைக் கூறவில்லை. சம்பவம் முடிந்த பின்னரே, 112ஆம் வசனத்தில், இஸ்ஹாக் பற்றிய நற்செய்தி வருகிறது. எனவே இப்னு கஸீர் (இறப்பு 1373) இஸ்மாயீல் (அலை) என்றார், அதுவே பலமானது. ஆயினும் இமாம் தபரீ (இறப்பு 923) இஸ்ஹாக் என்றே கருதினார். இதனை இளைஞரிடம் சொல்லத் தயங்குவோர் உளர். ஏன் தயங்க வேண்டும்?

பெற்றோரே! ஆதியாகமத்தில் மைந்தர், “ஆடு எங்கே?” என்று கேட்கிறார், அவருக்கு விடயம் அறிவிக்கப்படவில்லை. அல்குர்ஆனிலோ தந்தை தம் கனவைக் கூறி, மகனின் அபிப்பிராயத்தை வினவுகிறார். உயர்தரத்தில் எத்துறை என்பதைக்கூடப் பிள்ளையிடம் கேளாத நாம், இவ்வசனத்தை எத்தனை முறை ஓதியிருப்போம்!