சீட்டுக்கு முன்னால் உடம்பு: ஜவ்வாது மலைக் காய்ச்சல்களைக் கண்டறிவது குறித்து

நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் உங்களில் பலருக்குப் பாதி தெரிந்ததுதான். வேலூரிலும் திருவண்ணாமலையிலும் மருத்துவர்கள் கூடும் இடங்களில் நானும் சில நண்பர்களும் பல ஆண்டுகளாக இதைப் பற்றி வாதிட்டு வருகிறோம். ஒவ்வொரு முறையும் நேரம் போதாமல் பாதியில் நின்றுவிடும். இன்று அதை முழுதாகச் சொல்லிவிட நினைக்கிறேன்.

என் கட்சி இதுதான். இந்த ஜவ்வாது மலையிலிருந்து ஐந்து நாளுக்கு மேற்பட்ட காய்ச்சலோடு வருகிறவருக்கு நோய் கண்டறியும் வேலை பரிசோதனைச் சீட்டில் தொடங்கக் கூடாது, உடம்பில் தொடங்க வேண்டும். ஒற்றை விடால் பரிசோதனை முடிவை வைத்து டைபாய்டு என்று எழுதும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். நண்பர்கள் சொல்லும் பதில்: "மலையடிவாரத்தில் வேறு என்ன வசதி இருக்கிறது? விடால் மலிவு, அரை மணியில் முடிவு வருகிறது, ஒன்றுமில்லாததற்கு அதாவது இருக்கட்டுமே." இந்தப் பதிலைத்தான் நான் ஒப்புக்கொள்ள மறுக்கிறேன்.

விடால் என்ன சொல்கிறது

பெர்னாண்ட் விடால் பாரிஸில் இந்தப் பரிசோதனையை வெளியிட்டது 1896இல். சால்மொனெல்லா டைபி கிருமியின் 'ஓ', 'எச்' கூறுகளுக்கு எதிராக நோயாளியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா, எந்த அளவு நீர்க்கும்வரை அது கிருமியைத் திரளச் செய்கிறது என்று பார்ப்பது அதன் வேலை. ஏழு முதல் பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. நம்மில் யார் இரண்டாம் முறை எடுக்கிறோம்? ஒருமுறை வந்து போவதே மலைக்காரருக்கு ஒரு நாள் கூலி.

டைபாய்டு பரவலாக இருக்கும் நாட்டில் முன்பு வந்துபோன தொற்று, தடுப்பூசி, சால்மொனெல்லாவின் உறவுக்காரக் கிருமிகள் எல்லாமே ஒருவர் ரத்தத்தில் எதிர்ப்பொருளை விட்டுச் செல்லும். ஆகவே '1:160' என்று சீட்டில் வருவது இன்றைய காய்ச்சலின் காரணத்தைச் சொல்வதாகாது. அந்த ஆளின் பழைய கதையாகவும் அது இருக்கலாம்.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. தவறான டைபாய்டு முடிவு தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்கிறது. டைபாய்டு என்று நினைத்து அசித்ரோமைசின் கொடுத்தால், நான் பிறகு சொல்லப்போகும் உண்ணிக் காய்ச்சலும் அதற்குக் கட்டுப்படும். நோயாளி எழுந்து உட்காருவார், மருத்துவர் தன் விடாலை இன்னும் நம்புவார். செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டால் உண்ணிக் காய்ச்சல் அசையாது. ஆனாலும் சிக்கலில்லாத காய்ச்சல் இரண்டு வாரத்தில் தானாகவே தணிவதுண்டு, அந்தப் பெருமையும் ஊசிக்கே போய்ச் சேரும். தணியாதவர்களை ஆம்புலன்ஸ் கீழே கொண்டுபோய்விடுகிறது. அவர்கள் என்ன ஆனார்கள் என்ற செய்தி மேலே திரும்புவதில்லை.

கரும்புண்

இனி நான் பேச வந்த முக்கியமான இடம். உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ், 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி' என்ற பாக்டீரியாவால் வருகிறது. இது செல்லுக்குள் புகுந்து வாழ்வதால் சாதாரணத் தட்டில் வளராது. வழக்கமான ரத்தக் கல்ச்சர் எத்தனை நாள் வைத்தாலும் ஒன்றும் காட்டாது. பரப்புவது டிராம்பிகுலிட் சிற்றுண்ணியின் இளம்புழு. ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது, கண்ணுக்குத் தெரியாது, கடிப்பதும் தெரியாது. வாழ்நாளில் இந்தப் பருவத்தில் மட்டும்தான் அது உயிரினங்களின் உடலில் ஒட்டும். வழக்கமாக எலி, மூஞ்சூறு. புல்லில் உட்காரும் மனிதரும் அகப்படுவார். தாய் உண்ணியிலிருந்து முட்டைக்கும் கிருமி இறங்குவதால் ஒரு புதர்த்திட்டு ஆண்டுக்கணக்கில் நோயின் இருப்பிடமாக இருக்க முடியும்.

சாமை வயலும் கொல்லையும் காட்டோரமும் ஒன்றோடொன்று கலந்திருக்கும் இந்த மலையில் இதைவிட வாகான இடம் வேண்டியதில்லை. மழை விட்டுப் புல் தழைத்த மாதங்களில், ஆவணி கடைசியிலிருந்து தை மாசி வரை, வேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் இந்தக் காய்ச்சல் ஏறும். 2001-02 குளிர் மாதங்களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைக் கொத்தாகக் கண்டு 2003இல் எழுதினார்கள். அதற்கு முன்பும் நோய் இங்கே இருந்திருக்கும், நாம்தான் பெயரிடவில்லை.

உண்ணி கடித்த இடத்தில் முதலில் சிறு கொப்புளம் வரும், பிறகு அது உடைந்து காய்ந்து கருத்த பொருக்காகும், அதுதான் கரும்புண். சுற்றிலும் செந்நிற விளிம்பு. சிகரெட்டால் சுட்ட வடு போல என்று பாடப்புத்தகங்கள் சொல்வது சரிதான். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். வலி, அரிப்பு எதுவும் இருக்காது. இதனால்தான் நோயாளி அதைச் சொல்வதில்லை. கேட்டாலும் "புண் ஒண்ணும் இல்லீங்க" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது.

வேலூரில் 418 நோயாளிகளைப் பார்த்து 2013இல் வெளியான ஆய்வில் 43.5 விழுக்காட்டினருக்குக் கரும்புண் இருந்தது. பெண்களுக்கு மார்பும் வயிறும், ஆண்களுக்கு அக்குளும் தொடையிடுக்கும் பிறப்புறுப்பும் அதிகம். இந்த எண்ணைத்தான் நண்பர்கள் என் முன் நீட்டுகிறார்கள்: "பாதிப் பேருக்குக்கூட இல்லாததைத் தேடி என்ன பயன்?" நான் அதையே திருப்பிக் கேட்கிறேன். அந்தப் பாதிப் பேருக்கு ஒரு ரூபாய் செலவில்லாமல், ஒரு நிமிடம் காத்திராமல், ஏறக்குறைய ஐயத்துக்கு இடமின்றி நோய் தெரிந்துவிடுகிறதே, விடாலால் அது முடியுமா? மேலும், இல்லை என்று எழுதப்படும் எத்தனையோ நோயாளிகளிடம் அது இல்லாமல் இல்லை, தேடப்படாமல் இருந்திருக்கிறது.

தேடுவது எப்படி என்பதை ஒரு நோயாளியின் வழியாகச் சொல்கிறேன். புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண், முப்பது வயதுக்குள். எட்டு நாள் காய்ச்சல், தலைவலி, இரண்டு நாளாக மூச்சு வாங்குகிறது. கணவர் கையில் மடித்து வைத்திருந்த சீட்டில் விடால் 'ஓ' 1:160, 'எச்' 1:160. அடிவாரத்தில் ஓரிடத்தில் ஐந்து நாள் நரம்பில் ஊசி போட்டிருக்கிறார்கள். தட்டணுக்கள் குறைந்திருந்ததால் டெங்கு என்றும் ஒரு பேச்சு எழுந்திருந்தது. மூச்சு நிமிடத்துக்கு 34, நுரையீரல் அடியில் இருபக்கமும் நொறுநொறுப்பு, ஈரல் நொதிகள் உயர்ந்திருந்தன.

உடன் வந்த மாமியார் கட்டிலை விட்டு நகரவில்லை. எங்கள் செவிலியர் திரையை இழுத்து மறைத்து, "அத்தை நீங்களும் உள்ளேயே நில்லுங்க, எனக்கு விளக்கைப் பிடிச்சுக்குங்க" என்று கையில் டார்ச்சைக் கொடுத்துவிட்டார். அது முதல் பாடம்: வெட்கத்தை விரட்ட முயலாதீர்கள், அதற்கு ஒரு வேலை கொடுங்கள். தலைமயிரைப் பிரித்து உச்சந்தலை, காதின் பின்புறம், கழுத்து, அக்குள் இரண்டும், மார்பின் அடிமடிப்பு, கொப்பூழ், பிறகு பாவாடை நாடா இறுகும் இடுப்புச் சுற்று. அங்கே இடப்பக்கம் முதுகு ஓரமாக, நாடாவின் தடத்திலேயே இருந்தது. பொருக்கு நாடாவில் உரசித் தேய்ந்து, மஞ்சள் அடியோடு ஒரு சிறு ஆழமற்ற குழியாகத்தான் தெரிந்தது. இரண்டாம் பாடம்: ஈரமும் உரசலும் உள்ள மடிப்புகளில் கருப்பைத் தேடாதீர்கள், அங்கே பொருக்கு நிற்காது. தொடையிடுக்கில் ஒரு நெறி திரண்டிருந்தது. கை முதலில் நெறியைக் கண்டால், அதற்கு வடியும் தோல் பரப்பை மறுபடி தேடுங்கள். மூன்றாம் பாடம் அதுவே.

"இது எப்போ வந்தது?" என்றதும் மாமியார்தான் குனிந்து பார்த்து, "சாமைக் கட்டு சுமந்தப்ப கயிறு அறுத்திருக்கும்ங்க" என்றார். எந்தக் குறிப்பும் இதைவிட நன்றாக நோய் வந்த வழியைச் சொல்லாது. அறுவடை, தரையில் உட்கார்வு, கட்டு, இடுப்பு, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல்.

டாக்சிசைக்ளின் தொடங்கினோம். மூச்சுத்திணறல் இருந்ததால் நரம்பு வழி மருந்தும் ஆக்சிஜனும். மூன்றாம் நாள் காலை வெப்பமானி இயல்புக்கு இறங்கியிருந்தது. உண்ணிக் காய்ச்சலுக்கான ஐஜிஎம் எலைசா பரிசோதனை முடிவு அதன் பிறகுதான் வந்தது, உறுதி செய்தது. அது வரும்வரை காத்திருந்தால்? கரும்புண் கண்ட பிறகு மருந்தைத் தள்ளிப்போட நமக்கு உரிமை இல்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை மையமாகக் கொண்டு பல இந்திய மருத்துவமனைகள் நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், கடுமையான உண்ணிக் காய்ச்சலில் ஏறத்தாழ 800 பேருக்கு நரம்பு வழி டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்தது தனித்தனியே கொடுத்ததைவிட மேலாக இருந்தது. மருந்து இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது. பற்றாக்குறை எல்லாம் திரைக்குப் பின்னால் செலவிட வேண்டிய ஏழெட்டு நிமிடம்தான்.

பொருக்கை எறிந்துவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். அதில் கிருமியின் மரபணு நிறைந்திருக்கிறது. ரத்தத்தில் பிசிஆர் பரிசோதனைக்கு அது அகப்படாமல் போன பிறகும், மருந்து தொடங்கிய பிறகும் பொருக்கில் கிடைக்கும். சிறு குப்பியில் போட்டுக் கீழே அனுப்பினால் போதும்.

வேறொரு எதிர்வாதமும் உண்டு: "ஏன் இவ்வளவு பாடு, காய்ச்சலென்றால் இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமே?" மோசமான நிலையில் வருகிறவருக்கு டாக்சிசைக்ளினை முடிவுக்குக் காத்திராமல் தொடங்க வேண்டும், அதில் எனக்கும் அவர்களுக்கும் சண்டையே இல்லை. எல்லோருக்கும் என்பதுதான் தவறு. பெயர் தெரியாமல் மருந்து கொடுத்துக்கொண்டே போனால், எந்தக் கிராமத்தில் எந்தப் பருவத்தில் என்ன நோய் என்ற அறிவு இந்த மலைக்கு ஒருபோதும் சேராது.

வைல்-ஃபீலிக்ஸ் பரிசோதனை பற்றி ஒரு சொல். 1916இல் வந்தது. புரோட்டியஸ் என்ற வேறொரு கிருமியின் கூறைக் கொண்டு ரிக்கெட்சியா நோய்களை ஊகிப்பது. அதில் ஓஎக்ஸ்-கே கூறு எதிர்மறை என்று வந்தால் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று எழுதிவிடாதீர்கள், பாதிக்கு மேல் தவறவிடும்.

ரத்தக் கல்ச்சர்

டைபாய்டே இல்லை என்று நான் சொல்வதாகச் சிலர் பரப்புகிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. டைபாய்டு உண்டு, அதைக் காட்டுவது கல்ச்சர். முதல் ஊசிக்கு முன் பெரியவர்களுக்கு எட்டு முதல் பத்து மில்லி ரத்தம், தோலை முறையாகத் துடைத்த பிறகு. குப்பியைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், அறை வெப்பத்திலேயே கீழே போகலாம். எல்லா டைபாய்டையும் அது பிடிக்காது, பாதியளவு தப்பும். ஆனால் பிடித்தது மெய், எந்த மருந்து வேலை செய்யும் என்பதையும் அதுவே சொல்லும்.

மற்ற கிருமிகள்

மெலியோய்டோசிஸ் பற்றித் தனிச் சொற்பொழிவே தேவை. 1912இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் விவரித்த நோய் அது. மழைக்குப் பின், சர்க்கரை நோயாளிக்கு, நிமோனியா அல்லது ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி என்றால் நினையுங்கள். ஆய்வகம் 'சூடோமோனாஸ் இனம்' என்று எழுதி மூடிவிட்டால், ஜென்டாமைசினுக்கு அசையாததா என்று கேளுங்கள். எலிக்காய்ச்சலுக்கும் இரட்டை மாதிரி வேண்டும். காசநோய்க்கு மின்கலத்தில் ஓடும் ட்ரூநாட் கருவி மலைக்கு ஏற்றது.

இனிச் செய்ய வேண்டியவை

நேரம் ஆகிவிட்டது, சிலவற்றை விரைந்து சொல்கிறேன். 2025இல் வெளியான ஆய்வொன்று வடதமிழகத்தின் 37 கிராமங்களில் ஏறத்தாழ 32,000 பேரைத் தொடர்ந்து பார்த்து, ஊரில் ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் வரை உண்ணிக் காய்ச்சல் தொற்றுக்கு ஆளாவதாகவும் பலருக்குக் காய்ச்சலே வராமல் போவதாகவும் காட்டியது. அப்படியானால் நலமானவர்கள் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருக்கும், ஐஜிஎம் எலைசாவுக்கும் நம் ஊருக்கேற்ற வெட்டுப்புள்ளி வேண்டும். இல்லாவிட்டால் விடாலுக்கு நேர்ந்தது இதற்கும் நேரும். மலைவாழ் மலையாளி மக்களின் ரத்தத்தில் நலமான பருவத்தில் எவ்வளவு எதிர்ப்பொருள் இருக்கிறது என்று யாராவது அளக்க வேண்டும். நம்மியம்பட்டு, கோவிலூர், நெல்லிவாசல்நாடு பக்கங்களில் எலிகளின் காதுமடலில் உண்ணி தேடும் வேலையைக் கால்நடைத் துறையோடு சேர்ந்து செய்யலாம். கரும்புண் இருந்த இடத்தைக் குறிக்க உடம்பின் முன்னும் பின்னும் வரைந்த ஒரு படம் ஒவ்வொரு காய்ச்சல் சீட்டிலும் அச்சாகட்டும், புள்ளி வைத்தால் போதும். குழந்தைகளைப் பற்றி நான் இன்று ஒன்றுமே சொல்லவில்லை, அவர்களுக்குப் பிறப்புறுப்பும் தொடையிடுக்கும் முதலில். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். கிராம சுகாதாரச் செவிலியர்கள் கையில் டாக்சிசைக்ளின் முதல் மாத்திரை இருக்கலாமா, யார் அனுமதிப்பது என்பதைப் பற்றி மாவட்ட அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தின் வரைவை இங்கேயே விட்டுச் செல்கிறேன், கையெழுத்திட விரும்புகிறவர்கள் வாசலில் உள்ள மேசைக்கு வரலாம்.