இறைச்சி உண்பதுதான் ஈமானின் அடையாளமா?

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ்.

 

மட்டக்களப்பு வாவியோரத்தில் காத்தான்குடியும் ஆரையம்பதியும் ஒட்டியே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை நமக்கு ஜும்ஆ தினம். அயலிலுள்ள இந்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது மரக்கறி மட்டுமே சமைக்கும் நாள். "உங்கள் மார்க்கம் உயிர்க்கொலையை ஏவுகின்றதா?" என்று வகுப்புத் தோழன் கேட்டால் உங்கள் பிள்ளை என்ன பதில் சொல்வான்?

ஸூரத்துல் மாயிதாவின் முதல் வசனம் கால்நடைகளை உண்ண அனுமதிக்கின்றது. அல்லாஹ் ஆகுமாக்கிய நல்லவற்றை நாமாக ஹராமாக்கிக் கொள்ளலாகாது என்று அதே ஸூராவின் 87ஆவது வசனம் தடுக்கின்றது. ஆகவே இறைச்சி உண்பதைப் பாவமென்று நம்ப நமக்கு இடமில்லை.

ஆனால் ஹலாலான அனைத்தும் கடமையானவை அல்ல. நபி (ஸல்) அவர்களின் முன் பொரித்த உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரழி) வினவினார்கள். இல்லை, தமது ஊரில் வழக்கமில்லாததால் மனம் விரும்பவில்லை என்றார்கள் நபியவர்கள். காலித் (ரழி) அவர்கள் முன்னிலையிலேயே அதை உண்டார்கள். ஒருவர் உண்டார், ஒருவர் தவிர்த்தார். எவரும் எவரையும் குறை கூறவில்லை. எனவே, இறைச்சி பிடிக்காத பிள்ளையைச் சாப்பாட்டு ஸஹனில் கேலி செய்யாதீர்கள்.

திருக்குறள் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. தேரவாத பௌத்த விநயமோ, தமக்காகக் கொல்லப்பட்டதெனக் காணாத, கேளாத, சந்தேகிக்காத இறைச்சியைப் பிக்குகளுக்கு அனுமதிக்கின்றது. பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என ஸூரத்துல் அன்ஆமின் 108ஆவது வசனம் கட்டளையிடுகின்றது. அவ்வாறிருக்க, அயலவரின் விரதத்தைப் பரிகசிப்பது எப்படி நம் பண்பாகும்?

2020 செப்டெம்பரில், மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு இலங்கை அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. இறைச்சியை இறக்குமதி செய்யவும் அதில் இடமிருந்தது. அப்போது நமது உரிமையைப் பற்றிப் பேசினோம்; அது நியாயமே. கடமையைப் பற்றிப் பேசினோமா?

கத்தியைத் தீட்டிக்கொள்ளுமாறும், அறுக்கப்படும் பிராணிக்கு வேதனையைக் குறைக்குமாறும் நபியவர்கள் ஏவியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கின்றோம். மாட்டை வெயிலில் தண்ணீரின்றிக் கட்டிவைப்பதும், ஒன்றின் கண்முன்னே மற்றொன்றை அறுப்பதும், கழிவுகளை வாவிக்கரையில் வீசுவதும் எந்த மார்க்கம்? குர்பானியின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, தக்வாவே அடைகின்றது என்று ஸூரத்துல் ஹஜ்ஜின் 37ஆவது வசனம் கூறுகின்றதே!

பெற்றோர்களே! வரும் ஹஜ்ஜுப் பெருநாளில், பிராணிக்குத் தண்ணீர் வைக்கும் பொறுப்பை உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். கழிவுகளைக் குழிதோண்டிப் புதைக்கும்போது அவனையும் அருகில் நிறுத்துங்கள். தோழனின் கேள்விக்கு அவன் தன் நடத்தையாலேயே பதில் சொல்வான்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் இரக்கமுள்ள உள்ளத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.