இழுப்பதும் நிறுத்துவதும்: டிரெயிலரைத் தேர்ந்தெடுத்துப் பத்திரமாக ஓட்டும் முறை

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



டிராக்டர் நம் கிராமங்களுக்கு உழவுக்காக வந்தது. இன்றோ, பாரம் இழுப்பதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு. நெல்லும் கரும்பும், எருவும் செங்கல்லும், வைக்கோலும் அதன் பின்னே பூட்டிய டிரெயிலரில்தான் போகின்றன. பம்பு செட் பழுது பார்ப்பவர், வெல்டிங் வேலை செய்பவர், மின்சார வேலைக்காரர், தச்சர் ஆகியோருக்கும் டிரெயிலர் பெரிதும் பயன்படக்கூடியது. கருவிகளை மழையிலும் வெயிலிலும் போடாமல், நாற்புறமும் அடைத்துக் கூரையிட்ட ஒரு டிரெயிலரில் ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொண்டால், ஊர் ஊராகச் சென்று வேலையை வாசலிலேயே முடித்துக் கொடுக்கலாம். குடிநீர்க் குழாயையும் தெருவிளக்கையும் பராமரிக்கும் பஞ்சாயத்துக்கும் இத்தகைய வண்டி உதவும். ஆதலால் அதைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், ஆபத்தின்றி இழுத்துச் செல்லும் முறையையும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

டிரெயிலர் வாங்கப் போகிறவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "என் வண்டி இதை இழுக்குமா?" என்பதே. அன்பர்களே, இழுப்பது எளிது. "என் வண்டி இதை நிறுத்துமா?" என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இன்று நான் சொல்லப் போவது அனைத்தும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமையும்.

எடையை அறிதல்

45 குதிரைத் திறன் கொண்ட ஒரு டிராக்டரின் எடை ஏறத்தாழ 2 டன். அது 6 டன் பாரமுள்ள டிரெயிலரைச் சமதரையில் இழுத்துவிடும். டிரெயிலருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், நிறுத்தும்போது அந்த 8 டன்னையும் டிராக்டரின் பிரேக்கே தாங்கியாக வேண்டும். நம் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரங்கள் இரண்டில் மட்டுமே பிரேக் உண்டு. இறக்கத்தில், அதுவும் வளைவில், பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும்? முன்னே நிற்கும் டிராக்டரைப் பின்னே வரும் பாரம் தள்ளிப் பக்கவாட்டில் மடக்கிவிடும். எனவே கனமான பாரம் ஏற்றுவோர் பிரேக் உள்ள டிரெயிலரையே வாங்க வேண்டும். விலை சற்றுக் கூடுதல் என்று தயங்க வேண்டாம்.

வேகத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். வேகம் இருமடங்கானால், நிறுத்துவதற்கு அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் அடங்கி நிற்கும் பாரம், 40 கிலோமீட்டரில் அடங்காமல் போவது இதனால்தான்.

பெட்டியின் அளவைப் பார்த்து எடையை மதிப்பிடுவது பெருந்தவறு. நாம் ஒரு யூனிட் என்று சொல்வது 100 கன அடி. அந்த அளவு நெல்லின் எடை ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். அதே அளவு மணலின் எடை ஏறத்தாழ நாலரை டன். இடம் ஒன்றுதான், எடையோ மூன்று மடங்கு. மூடிய பெட்டியில் இந்த மயக்கம் இன்னும் அதிகம். இடம் இருக்கிறதே என்று ஜெனரேட்டர், இரும்புக் குழாய், சிமெண்டு மூட்டை என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போவோம். சிமெண்டு மூட்டை ஒன்று 50 கிலோ. இருபது மூட்டை ஏற்றினால் ஒரு டன் ஆகிவிடும்.

ஆகையால் மூன்று எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, டிரெயிலரின் வெற்று எடை. இரண்டாவது, அது தாங்கக்கூடிய மொத்த எடை. மூன்றாவது, உங்கள் டிராக்டரோ ஜீப்போ இழுக்கலாம் என்று தயாரிப்பாளர் தம் கையேட்டில் குறித்துள்ள எடை. மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதே ஏற்றக்கூடிய பாரம். சந்தேகம் வந்தால், வண்டியை ஒரு முறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

மூடிய வண்டியின் அமைப்பு

மூடிய டிரெயிலர் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. உயரம் கூடினால் கவிழும் அபாயமும் கூடும். பக்கச் சுவர் காற்றையும் வாங்கும். ஆரல்வாய்மொழிப் பக்கத்திலும் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஊர்களிலும் ஆடிக் காற்று எப்படி வீசும் என்பது அங்குள்ளோருக்குத் தெரியும். அந்நாட்களில், உள்ளே பாரம் இல்லாத உயரமான பெட்டி வண்டியை மெதுவாகவே செலுத்த வேண்டும்.

கனமான பொருள்கள் தரைமட்டத்திலும், இலேசானவை மேல் தட்டுகளிலும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கயிற்றாலோ பட்டையாலோ இறுகக் கட்ட வேண்டும். வளைவில் ஒரு ஜெனரேட்டர் நகர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியையே சாய்த்துவிடும்.

காற்றோட்டம் இன்றியமையாதது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆதலால் மேலே மட்டுமன்றித் தரைமட்டத்திலும் துவாரங்கள் வேண்டும். எவ்வகை எரிவாயு உருளையையும் நிமிர்த்தி வைத்துக் கட்டி, வாயை மூடிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும். ஆக்ஸிஜன் உருளையின் வாயில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது; பட்டால் தீப்பற்றும். ஜெனரேட்டரை வண்டிக்குள் வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ஆளை அறியாமலே கொல்லும். வேலை செய்யும் இடத்தில் அதை வெளியே இறக்கி வைத்தே இயக்க வேண்டும்.

முன்பாரமும் பின்பாரமும்

இந்தப் பாடத்தை நம் முன்னோர் மாட்டு வண்டியிலேயே கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்தை நுகம் அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கும். அனுபவமுள்ள வண்டிக்காரர் மூட்டை ஏற்றும்போதே இதைச் சரி பார்த்துக்கொள்வார்.

இரு சக்கர டிரெயிலருக்கும் இதே விதிதான். பின்பாரம் ஏறினால் டிரெயிலரின் முனை டிராக்டரின் பின்புறத்தைத் தூக்கும், டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும், பிரேக்கும் பயன்படாது. ஜீப்பின் பின்னே போகும் டிரெயிலரானால், பாம்பு நெளிவதுபோல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஜீப் போன்ற வண்டியில் பூட்டும் சிறு டிரெயிலருக்கு, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் இறங்க வேண்டும். அதாவது மொத்தம் 1,000 கிலோவானால், கொக்கியில் 100 முதல் 150 கிலோ. டிரெயிலரின் முனையை ஒரு தராசின்மேல் வைத்தால் இதைத் தெரிந்துகொள்ளலாம். கொக்கி தாங்கும் அளவை மீறி முன்பாரம் ஏற்றுவதும் தவறே. ஏற்றினால் இழுக்கும் வண்டியின் முன்சக்கரம் இலேசாகி, ஸ்டியரிங் பேச்சைக் கேளாது.

ஓட்டத்தில் டிரெயிலர் ஆடத் தொடங்கினால் பதறாதீர்கள். பிரேக்கைச் சட்டென்று மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை எதிர்த் திசையில் வெட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். பிறகு ஓரமாக நிறுத்திப் பாரத்தை முன்னே நகர்த்துங்கள்.

பூட்டும் முறை

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. டிரெயிலரில் அந்த அச்சாணியின் வேலையைச் செய்வது கொக்கியின் பின். கம்பித் துண்டையோ பழைய போல்ட்டையோ செருகி அந்த வேலையை ஒப்பேற்றக் கூடாது. அளவான பின்னைப் போட்டு, அது எழும்பி வராதபடி பூட்டு ஊசியும் மாட்ட வேண்டும். அதோடு இரண்டு சங்கிலிகளைக் கொக்கியின் கீழே குறுக்காகப் பின்னி மாட்டுங்கள். ஒருவேளை பின் முறிந்தாலும், டிரெயிலரின் முனை தரையில் குத்தாமல் அச்சங்கிலிகள் தாங்கிக்கொள்ளும்.

டிராக்டரில் டிரெயிலரைப் பின்புறம் தாழ்வாக உள்ள டிராபாரில் மட்டுமே பூட்ட வேண்டும். உயரமான வேறிடத்தில் பூட்டி இழுத்தால் டிராக்டரின் முன்சக்கரங்கள் மேலே எழும்பி, கண் மூடித் திறப்பதற்குள் அது ஓட்டுநர்மேலேயே மல்லாந்துவிடும்.

சாலையில்

உழும்போது திருப்பத்துக்காக இடது பிரேக்கையும் வலது பிரேக்கையும் தனித்தனியே மிதிக்கிறோம். சாலைக்கு ஏறுமுன் அவ்விரண்டையும் தாழ்ப்பாளால் ஒன்றாக இணைத்துவிட வேண்டும். மறந்துபோய் ஒரு பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும்.

இறக்கம் தொடங்குமுன்பே குறைந்த கியருக்கு மாறுங்கள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவது உயிரை விலையாகக் கொடுப்பதாகும். புறப்படுமுன் டயரின் காற்றையும் சக்கர நட்டுகளையும் பாருங்கள். சில கிலோமீட்டர் சென்றபின் நிறுத்தி, சக்கரத்தின் குடத்தில் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடாக இருந்தால் அதன் பேரிங் கெட்டிருக்கிறது என்று பொருள். நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும்.

டிரெயிலரின் பின்னே சிவப்பு விளக்கும், ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையும் கட்டாயம் வேண்டும். அவை இல்லாமல் இரவில் சாலையோரம் நிற்கும் கரும்பு டிரெயிலர், பின்னே வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு இருட்டிலே நிற்கும் சுவருக்குச் சமம். அவர் நம் ஊர்ப் பிள்ளையாகவே இருக்கலாம்.

பஞ்சாயத்தின் கடமை

இறுதியாக ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். டிரெயிலர் சரக்குக்காக அமைந்தது, மனிதர் ஏறுவதற்கன்று. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே, கோயிலுக்குச் சென்று திரும்பியவர்களை ஏற்றி வந்த டிராக்டர் டிரெயிலர் குளத்தில் கவிழ்ந்தது. 25 பேருக்கு மேல் மாண்டனர்; அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. 2024 பிப்ரவரி 24 அன்று அதே மாநிலத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில், கங்கை நீராடச் சென்றவர்களின் டிரெயிலரும் குளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். நம் ஊர்களிலும் திருவிழாவுக்கும் நடவுக்கும் டிரெயிலரில் ஆட்களை ஏற்றும் பழக்கம் அடியோடு போய்விடவில்லை. மூடிய டிரெயிலருக்குள் ஆள் ஏறுவது இன்னும் கொடியது. உள்ளே நடப்பது ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெயிலரையும் ஒரு மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. ஆதலால் அதற்குப் பதிவும் இன்ஷூரன்ஸும் வேண்டும். பட்டறையில் அடித்து வாங்கியது என்ற காரணத்தால் சட்டம் விலகி நிற்காது.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு மூன்று யோசனைகள் சொல்லுவேன். அறுவடை தொடங்குமுன் ஊரிலுள்ள டிரெயிலர்களையெல்லாம் ஒரு நாள் ஓரிடத்தில் நிறுத்தி, பின், சங்கிலி, விளக்கு, ஒளிப்பட்டை ஆகியவற்றைப் பார்வையிடச் செய்யுங்கள். திருவிழாவுக்கு ஆட்களை டிரெயிலரில் ஏற்றுவதில்லை என்று கிராம சபையில் தீர்மானம் செய்து, பஸ்ஸுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். பஞ்சாயத்துக்கு மூடிய டிரெயிலர் வாங்க நேர்ந்தால், விலைப்புள்ளி கேட்கும்போதே வெற்று எடை, மொத்த எடை, பிரேக் ஆகிய விவரங்களையும் எழுத்தில் கேளுங்கள்.

இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஒரு ஒளிப்பட்டையின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான் ஆகும். வரும் கிராம சபைக் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசுங்கள். காலையில் பாரம் ஏற்றிப் புறப்பட்ட ஒவ்வொருவரும் மாலையில் நலமாக வீடு திரும்ப அது வழி செய்யும்.